பேராசிரியர் பாண்டெலெயின் சுருதி

ஓய்வு பெற்ற இசை ஆசிரியர்கள், பணியில் இருக்கும் இசை ஆசிரியர்களுக்கு இனி வழிகாட்டுவார்கள் என்று அரசு முடிவு செய்தது. காரணத்தைச் சுற்றறிக்கை ஒளிக்கவில்லை. பணியில் இருப்பவர்கள் அன்றாடம் வகுப்பில் தவறு செய்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களோ பல ஆண்டுகளாக ஒரு தவறும் செய்யவில்லை.

திட்டத்தின் பெயர் ‘பொற்செவி’.

அதை விளக்குவதற்காக எங்கள் டோல்னி யாசென் ஊருக்கு மாவட்ட ஒருங்கிணைப்பாளர் வந்தார். பெயர் ஸ்விலென். என்னைவிட இளையவர். வெள்ளைக் காலணி அணிந்திருந்தார். மார்ச் மாதச் சேற்றில் பள்ளி வாசலிலிருந்து ஆசிரியர் அறைவரைக்கும் அவருக்காக அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டோம்.

“நீங்க எல்லாரும் தனியாக் கஷ்டப்படுறீங்க,” என்று தொடங்கினார். “இனிமே தனியாக் கஷ்டப்பட வேண்டாம். கூட ஒருத்தர் இருப்பாங்க. ஒரு ஆசிரியர் எப்போ முழு ஆசிரியர் ஆகுறாரு? வகுப்பை விட்டு வெளியே வந்த பிறகு. அதுவரைக்கும் பசங்க குறுக்க வந்துக்கிட்டே இருப்பாங்க.”

“கணக்குக்கும் இப்படி வருவாங்களா?” என்று கணக்கு டீச்சர் கேட்டார்.

“மொதல்ல இசையில சோதிச்சுப் பாக்குறோம் மேடம். இசையில தப்பு நடந்தா யாரும் சாகப்போறதில்ல.”

பிறகு என் பக்கம் திரும்பினார். பள்ளியில் இசைக்கு நான் ஒருவன்தான். மே இருபத்துநான்கு, எங்கள் எழுத்துகளைக் கொண்டாடும் திருநாளுக்குள் வழிகாட்டிக்குத் திருப்தி வர வேண்டும். வந்தால் என் சேர்ந்திசைக் குழு சதுக்கத்து மேடையில் பாடலாம். வராவிட்டால் என் பணியிடம் ஓய்வு பெறும். நான் அல்ல, பணியிடம்.

“உங்களுக்குத்தான் முன்னுரிமை யவோர் சார்,” என்றார். “மனைவி தவறிட்டாங்கன்னு சொன்னாங்க. வீட்டுல யாரும் இல்ல. சாயங்காலமும் வழிகாட்டலாம்.”

நான் நன்றி சொன்னேன்.

என் குழுவில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். நல்ல குழு என்று சொல்ல மாட்டேன். பாடினார்கள். அவர்களில் ஒருத்தி பில்யானா. அவளுக்குத் திக்கும். சாதாரணத் திக்கல் இல்லை. தன் பெயரின் முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டால் கேட்டவர்கள் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் பாடும்போது ஒரு இடத்திலும் தடங்கல் இருக்காது. சொற்கள் ஆற்றுத் தண்ணீர்போல வரும். அதனால் தனிப்பாட்டை அவளுக்குக் கொடுத்தேன். ஒரு நாரைப் பாட்டு. குழு நிறுத்தும், இவள் ஒரு அடி முன்னே வந்து இரண்டு வரி தனியாகப் பாடுவாள், குழு மறுபடி சேரும்.

அவளுடைய அம்மா ஸ்டாங்கா ஸ்பெயினில் ஸ்ட்ராபெரி பறிக்கிறாள். குளிர்காலத்துக்கு முன் போனவள். பிள்ளை சித்தி வீட்டில். வாரம் ஒரு முறை தொலைபேசி வரும். பில்யானா ஒரு வாக்கியத்தைத் தொடங்குவாள். அது முடிவதற்குள் அந்தப் பக்கம் யாராவது ஸ்டாங்காவை வேலைக்குக் கூப்பிடுவார்கள்.

தனிப்பாட்டு அவளுக்கு என்று சொன்ன அன்று வகுப்பு கலைந்த பிறகும் நின்றாள்.

“அ...அம்மா வ...வராங்க சார். திருநாளுக்கு. ஒ...ஒரு நாள்தான்.”

“நல்லது.”

“நா...நான் அவங்ககிட்ட இதுவரைக்கும் மு...முழுசா எதுவும் சொன்னதில்ல. பா...பாட்டு முழுசாப் போயிடும்ல?”

“போயிடும்,” என்றேன்.

எனக்கு வாய்த்த வழிகாட்டி பராஸ்கேவா மேடம். இதே பள்ளியில் இசை கற்பித்து ஓய்வு பெற்றவர். பொற்செவி விதிப்படி முதல் சந்திப்பு பயனாளியின் வீட்டில் நடக்க வேண்டும். பயனாளி என்றால் நான். என் கதவில் என் மனைவி நேடாவின் இரங்கல் தாள் இருந்தது. ஓராண்டு நிறைவுக்கு ஒட்டியது. மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார்.

“இவளா? இவ என் வகுப்புதான். மீன்.”

எங்கள் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. சுருதி சேராத பிள்ளையைக் குழுவிலிருந்து நீக்க மாட்டார்கள். அது மனிதாபிமானம் ஆகாது. வரிசையிலேயே நிற்க வைத்து, வாயை மட்டும் திறந்து மூடச் சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்கு மீன் என்று பெயர். ஊரில் பாதிப் பேர் மீன். மேயர் மீன். பாதிரியாரும் மீன், ஆனால் அவர் பிறகு மீறிப் பாடத் தொடங்கிவிட்டார்.

“நல்ல மீன்,” என்றார் மேடம். “வாய அழகாத் திறப்பா.”

நேடா பாத்திரம் கழுவும்போது பாடுவாள். சுருதி சேராது. நான் அதை அவளிடம் சொன்னதில்லை. மேடத்துக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை குறைவு என்று வழிகாட்டினார்.

மறுநாள் வகுப்புக்கு வந்தார். வழிகாட்டியை ஒவ்வொரு முறையும் ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்க வேண்டும் என்பது விதி. பிள்ளைகள் கொடுத்தார்கள். ஒரு துண்டு கிள்ளி, உப்பில் தொட்டு, மென்று, விழுங்கி, கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். பாட ஆரம்பித்தோம். முதல் வரியிலேயே கையை உயர்த்தினார்.

“நிறுத்து, நிறுத்து. அரை ஸ்வரம் ஏறி நிக்குது.”

“யாரு மேடம்?”

“எல்லாரும். பியானோவும் சேத்துத்தான்.”

மேசை இழுப்பறையிலிருந்து சுருதி பார்க்கும் இசைக்கவையை எடுத்துக் கொடுத்தேன். மேடம் அதை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

“இதுவும் ஏறியிருக்கு.”

“மேடம், அது எஃகு. லா ஸ்வரத்துக்குன்னே செஞ்சது. அது எப்படி ஏறும்?”

“வெயில் முன்னமாதிரியா இருக்கு? கூடலையா? அதேமாதிரி லாவும் கூடியிருக்கு. நீங்கெல்லாம் அதோடயே வளந்துட்டீங்க தம்பி, உங்களுக்குத் தெரியாது. என் காதுல அந்தக் காலத்து லா அப்படியே இருக்கு.”

மாவட்ட ஆஸ்பத்திரியில் காது மருத்துவர் என்னோடு படித்தவர். அவரிடம் கேட்டேன். சிரித்தார். “கருவி இல்லாமலே சுருதி சொல்ற காதுக்குத்தான்டா இது வரும். வயசானா உள்ள ஏதோ இறுகிப்போயி, கேக்குறதெல்லாம் அரை ஸ்வரம் ஏறிக் கேக்கும். இன்னும் வயசானா ஒரு ஸ்வரம். வைத்தியம் கிடையாது. அவங்க சொல்றத விட்டுடு.”

இதை ஸ்விலெனிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“மேடத்தோட காதுக்கு அரசாங்கப் பதக்கம் இருக்கு சார். உங்க பியானோவுக்கு இருக்கா?”

“இல்ல.”

“அந்த டாக்டருக்கு? இசையில?”

“இல்ல.”

“அப்போ யாரு எறங்கணும்?”

பியானோ இறங்கியது. சுருதி சேர்ப்பவர் வந்தார். செய்ய வேண்டியதைக் கேட்டதும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு தந்திகளைத் தளர்த்தினார். ஒரே ஊரில் இரண்டு லா இருக்கக் கூடாது என்பதால் மழலையர் பள்ளிப் பியானோ, பண்பாட்டு மன்றத்துப் பியானோ, மேயரின் மகள் வாசிக்கும் பியானோ எல்லாம் இறங்கின. பித்தளை வாத்தியக் குழு மட்டும் மறுத்துவிட்டது. அவர்கள் எப்போதும் குடித்திருப்பதால் விலக்கு அளிக்கப்பட்டது.

பிள்ளைகள் புதிய சுருதியில் பாடினார்கள். கீழே கொஞ்சம் சிரமம்.

“ப...பரவால்ல சார்,” என்றாள் பில்யானா. “எ...எட்டுது.”

மேடத்துக்கும் திருப்தி வரும் போலிருந்தது. ஆனால் திட்டத்தில் ஒரு விதி இருந்தது. வழிகாட்டிக்கும் ஒரு வழிகாட்டி வேண்டும். இல்லாவிட்டால் வழிகாட்டியின் தவறுகளை யார் கவனிப்பது? மேடத்துக்குக் கற்பித்தவர் ஹரலாம்பி. தொண்ணூறை நெருங்கியவர். சத்துணவு கொண்டு வரும் வேனில், சூப் அண்டாக்களுக்கு நடுவில், சக்கர நாற்காலியோடு அவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மடியில் கம்பளி. கையில் கோல்.

ரொட்டி கொடுத்தோம். பல் இல்லை என்பதால் உப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்.

முதல் பாட்டு முழுக்க அவர் தூங்கினார். பாட்டு முடிந்து அறை அமைதியானதும் திடுக்கிட்டு விழித்தார்.

“யாரு அது பாடுறது?”

“யாரும் பாடலங்க ஐயா.”

“பொய் சொல்லாத. கிய்யின்னு கேக்குது. யாரோ ஒருத்தன் வாய மூடிக்கிட்டே பாடுறான். தோழர்களே, ஒழுங்கு வேணும்.” பக்கத்தில் இருந்த ஸ்விலென் குனிந்து ஏதோ சொன்னார். “சரி, தோழர் இல்ல. ஆனா ஒழுங்கு வேணும்.”

அவருக்கு எல்லாம் ஒன்றரை ஸ்வரம் ஏறிக் கேட்டது. பியானோ மறுபடி இறங்கியது. தந்திகள் தொய்ந்து, பல் விழுந்த வாய் பேசுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. பத்து வயதுப் பிள்ளைகளின் குரல் அவ்வளவு கீழே போகாது. உறுமினார்கள். சிலருக்கு இருமல் வந்தது.

ஹரலாம்பி நாற்காலியை வரிசை ஓரமாகத் தள்ளச் சொன்னார். ஒவ்வொரு வாயருகிலும் காதை வைத்தார். கோலால் தலையில் ஒரு தட்டு.

“மீன்.”

அடுத்த தலை.

“மீன்.”

நான் தள்ளிக்கொண்டு போனேன். சக்கரத்துக்கு எண்ணெய் இல்லை, கிறீச்சிட்டது. அது மட்டும் அவருக்குச் சரியான சுருதியில் கேட்டதாம். ஒரு பெண் அழுதாள். “அழுகையும் ஏறியிருக்கு,” என்றார். வரிசையின் கடைசியில் பில்யானா நின்றாள்.

“பேரு என்ன?”

“பி...பி...பி...”

“பேரே சுருதி சேரல.”

ஸ்விலென் சிரித்தார். மேடம் சிரித்தார். புதிதாக மீன் ஆனவர்களும் சிரித்தார்கள். அவர்களுக்கும் ஒரு ஆறுதல் தேவைப்பட்டது.

“பாடு.”

பாடினாள். மிகக் கீழே, அவள் குரலுக்கு இடமே இல்லாத இடத்தில், சின்னதாக, ஆனால் உடையாமல் பாடினாள். ஹரலாம்பியின் கோல் அந்தரத்தில் நின்றது.

“இது அரை ஸ்வரம் கீழ,” என்றார் பராஸ்கேவா மேடம். “இப்ப ரொம்ப எறங்கிட்டா.”

“கீழயா? அரை ஸ்வரம் மேல!”

“ஹரலாம்பி சார், உங்க காதுல முடி வளந்து கெடக்கு.”

“நீ மூணாம் வகுப்புலயே திமிர் புடிச்சவ. உன்ன அன்னைக்கே மீன் ஆக்கியிருக்கணும். உங்கப்பன் கட்சியில இருந்தான், விட்டுட்டேன்.”

மேடத்தின் முகம் சிவந்தது. ஸ்விலென் நடுவில் வந்தார். கருத்து வேறுபாடு வந்தால் மேல்நிலை வழிகாட்டியிடம் போக வேண்டும். அதுவரை அந்தப் பெண் மீன் ஆகவும் முடியாது, பாடகி ஆகவும் முடியாது.

“ஐயாவுக்குக் கத்துக்கொடுத்தது யாரு?”

“பேராசிரியர் பாண்டெலெய்,” என்று ஹரலாம்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இந்தச் சீமையில சேர்ந்திசையை ஆரம்பிச்சு வெச்சவரே அவருதான்.”

“அவர் இறந்துட்டாரே,” என்றேன்.

“எப்போ?”

“நான் பொறக்குறதுக்கு முன்னாடி.”

ஸ்விலென் யோசித்தார். “ஓய்வு பெற்ற பிறகா, அதுக்கு முன்னாடியா?”

“ஓய்வு பெற்றுத்தான்.”

“அப்போ தகுதி இருக்கு. திட்டத்துல உச்ச வயசுன்னு எதுவும் சொல்லல.”

மே மாத நடுவில் பில்யானாவையும் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வாசலிலேயே ஒரு சிக்கல். நான் பூக்களை இரட்டைப்படையில் வாங்கியிருந்தேன், செத்தவர்களுக்கு வாங்குவதுபோல. ஸ்விலென் எண்ணிப் பார்த்து அதிர்ந்துபோனார்.

“என்ன சார் இது? இரட்டைப்படை வெச்சா அவர் இறந்துட்டாருன்னு திட்டமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“ஒத்தைப்படை வெச்சா கேலி பண்ற மாதிரி இருக்குமே,” என்றார் மேடம். “உயிரோட இருக்கறவங்களுக்குத்தானே ஒத்தைப்படை.”

“பதவியில இருக்கறவங்களுக்கும்தான்,” என்றார் ஸ்விலென். ஒரு பூவைப் பிடுங்கிப் பில்யானாவின் கையில் கொடுத்தார். சிக்கல் தீர்ந்தது.

கல்லின்மேல் ரொட்டியும் உப்பும் வைத்தோம். ஒரு நாய் வந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. பேராசிரியர் வரவேற்பை ஏற்றுக்கொண்டதாக ஸ்விலென் அறிவித்தார். ஹரலாம்பி இசைக்கவையைக் கல்லறைக் கல்லில் தட்டி, அதன் காம்பைக் கல்லிலேயே ஊன்றிப் பிடித்தார். எல்லோரும் தலை குனிந்து நின்றோம்.

“இப்ப பாடு,” என்றார்கள் பில்யானாவிடம்.

அங்கே பியானோ இல்லை. எந்தச் சுருதி என்று யாரும் சொல்லவில்லை. அவள் தன் சுருதியில் எடுத்தாள், திட்டம் வருவதற்கு முன்பு இருந்த இடத்தில். 

‘அக்கரைக்குப் போன வெள்ளை நாரையே, கூடு இன்னும் கலையவில்லை.’

இரண்டு வரிகளும் முழுதாக வந்தன. ஒரு சொல்கூட மாட்டவில்லை. பக்கத்துக் கல்லறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் துணியைக் கையில் வைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேடாவின் கல் அதிலிருந்து மூன்றாவது வரிசையில் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்தது. ஹரலாம்பியை நாற்காலியிலிருந்து இருவர் தூக்கிப் பிடித்தார்கள். அவர் காதைக் கல்லில் வைத்து நெடுநேரம் கேட்டார்.

“என்ன சொல்றாரு?” என்றார் மேடம், பொறுக்க முடியாமல்.

“ஒண்ணுமே சொல்லல.”

“பிடிக்கலையோ?”

“எனக்குக்கூட கிய்யின்னு கேக்கல இப்ப. சுத்தமா இருக்கு. அவ்வளவு சுத்தம்.” கிழவரின் கண்ணில் நீர் வழிந்தது.

ஸ்விலெனின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவர் அந்த வேலைக்கு ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“அதுதான்!” என்றார். “மேடம் அரை ஸ்வரம் எறக்கச் சொன்னாங்க. ஐயா அதுக்கும் கீழ எறக்கச் சொன்னாரு. நாம எறங்கிக்கிட்டே வந்தோம், எதுவரைக்கும்னு தெரியாம. இன்னைக்கு அடித்தளம் தெரிஞ்சுபோச்சு. அனுபவம் கூடக் கூட சுருதி எறங்குது. அனுபவம் முழுசா ஆனா சத்தமே தேவையில்ல. பேராசிரியரோட சுருதி மௌனம்.”

“அப்போ பிள்ளைங்க பாடாம நிக்கணுமா?” என்றேன்.

“யாரு சொன்னா? பாடணும். கண்டிப்பாப் பாடணும். சத்தம்தான் கூடாது.”

“பில்யானாவோட தனிப்பாட்டு?”

“அதை ஏன் எடுக்கணும்? முன்னால வரட்டும், தனியா வாயத் திறக்கட்டும். நாங்க என்ன கொடுமைக்காரங்களா?”

மேடமும் ஹரலாம்பியும் முதல் முறையாக ஒரே கருத்துக்கு வந்து கட்டிக்கொண்டார்கள்.

எஞ்சிய நாட்களில் ஒத்திகை நடந்தது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: அவர்களுக்கு இது கைவந்த வேலை. மீன்களை உருவாக்குவதில் ஆயுளையே செலவிட்டவர்கள். ‘ஆ’வுக்கு எவ்வளவு வாய், ‘ஓ’வுக்கு எவ்வளவு உதடு, எங்கே மூச்சு, எங்கே புருவம் என்று பாடம் எடுத்தார்கள். பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள். பில்யானா எல்லோரையும்விட நன்றாகத் தேறினாள். வாய் அசைவைப் பார்த்தே ஒவ்வொரு சொல்லையும் படித்துவிடலாம். மேடம் அவள் கன்னத்தைத் தட்டி, “இப்பதான் நீ திக்கவே இல்ல, பாத்தியா?” என்றார்.

திருநாளுக்கு முந்தின நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“நாளைக்கு நான் கையக் காட்டும்போது பாடு. நிசமாப் பாடு. உன் சுருதியில.”

“மே...மேடம்?”

“அவங்களப் பத்தி உனக்கென்ன. நான் பாத்துக்குறேன்.”

தலையைக் குனிந்துகொண்டு போனாள். பணியிடம் போனால் போகட்டும் என்று நினைத்தேன். பெரிதாக எதுவும் தோன்றவில்லை. ஒரு வருடமாக எனக்கு அப்படித்தான்.

ஸ்டாங்கா காலைப் பேருந்தில் வந்தாள். கழுத்துவரை வெயில் கறுத்திருந்தது. நகங்களில் சிவப்புக் கறை போகாமல் இருந்தது. புது நீல உடையில் மடிப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. சதுக்கத்தில் முதல் வரிசையில் இடம் பிடித்துக்கொண்டாள். சாயங்காலப் பேருந்தில் திரும்ப வேண்டும். பிள்ளைகள் தலையில் பூவளையத்தோடு மேடையேறினார்கள்.

ஸ்விலென் பேசினார். “மற்ற மாவட்டங்கள்ல பிள்ளைங்க இன்னும் சத்தம் போட்டுத்தான் பாடுறாங்க. அவங்களக் குறை சொல்ல மாட்டேன். அவங்களுக்கு வழிகாட்ட ஆள் இல்ல. இங்க மூணு தலைமுறை அனுபவம் இந்தப் பிள்ளைங்க தொண்டையில உக்காந்திருக்கு. அமைதியாக் கேளுங்க.”

நான் கையை உயர்த்தினேன். குழு ‘பாட’த் தொடங்கியது.

கொடிக்கம்பத்தில் கயிறு அடிக்கும் சத்தம் கேட்டது. புறாக்கள் கேட்டன. ஒரு கைக்குழந்தை அழுதது. ஸ்விலென் விரலைக் காட்டினார், குழந்தையைத் தாயோடு வெளியே அனுப்பினார்கள். நான் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் மேயர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். அவர் உதடுகளும் அசைந்தன. பழைய பழக்கம்.

தனிப்பாட்டின் இடம் வந்தது. பில்யானா ஒரு அடி முன்னே வந்தாள். நான் தாளத்தை நிறுத்திக் கையை அவள் பக்கம் நீட்டினேன். பாடு என்று உதட்டால் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். மூச்சை எடுத்தாள். சரியான இடத்தில், சரியான அளவு.

வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை. ‘அக்கரைக்குப் போன’ என்று உதடுகள் சொல்லின. ‘வெள்ளை நாரையே.’ ஒரு எழுத்து பிசகவில்லை. இரண்டு வரிகளும் முழுதாகப் போயின. பின்னே சென்று வரிசையில் நின்றாள்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஹரலாம்பி அழுதார். “இப்பதான் சேந்துச்சு. ஆயுசு பூரா காத்திருந்தேன், இப்பதான் சேந்துச்சு.” மேடம் மேடையேறி என் நெற்றியில் முத்தமிட்டார். திருப்தி என்று ஒலிபெருக்கியில் சொன்னார். என் பணியிடம் காப்பாற்றப்பட்டது.

மேடைக்குப் பின்னால் பில்யானாவைப் பிடித்தேன்.

“ஏன் பாடல?”

“உ...உங்க வே...வே...வே...”

காத்திருந்தேன்.

“வேலை போயிடும்னு ஸ்வி...ஸ்விலென் சார் சொன்னாரு. நே...நேத்து. நா...நான் பாடினா.”

அதற்குள் ஸ்டாங்கா வந்துவிட்டாள். பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பூவளையம் நசுங்கியது. மேடமும் பின்னாலேயே வந்தார்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

ஸ்டாங்கா தயங்கினாள். “மேடம்... எனக்குச் சத்தம் ஒண்ணும் கேக்கலையே.”

“நீ ஸ்டாங்காதானே? என் வகுப்புல ரெண்டாவது வரிசை?”

“ஆமா மேடம்.”

“நீ மீன்தானே?”

“ஆமா மேடம்.”

“அப்புறம் உனக்கு எப்படிக் கேக்கும்?” மேடம் அன்பாக அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பண்பாட்டு மன்றத்தில் வழிகாட்டிகளுக்கு விருந்து.

ஸ்டாங்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கிட்டே போனேன்.

“அவங்க சொல்றதக் கேக்காதீங்க. உங்க காதுல ஒரு கோளாறும் இல்ல. அவ பாடல. யாரும் பாடல. பாட விடல.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்தான் அது.

“மூணு நாள் பஸ்ல உக்காந்து வந்தேன் சார். திரும்பவும் மூணு நாள் போகணும். மேஸ்திரி கால்ல விழுந்து லீவு வாங்கினேன்.” கூட்டத்தில் யார் காதிலாவது விழப்போகிறதே என்பதுபோல் குரலைத் தாழ்த்தினாள். “அப்படிச் சொல்லாதீங்க. நான் கேட்டேன்.”

பில்யானா அவள் உடையைப் பிடித்து இழுத்தாள்.

“எ...எ...எப்படிம்மா இருந்துச்சு?”

ஸ்டாங்கா குனிந்து, நசுங்கிய பூவளையத்தை எடுத்து மகளின் தலையில் நேராக வைத்தாள்.

“நல்லா இருந்துச்சு கண்ணு,” என்றாள். “இன்னும் கொஞ்சம் சத்தமாப் பாடியிருக்கலாம்.”